மாவு வண்டின் பெயர் வரலாறு

தானியக் களஞ்சியங்களிலும் மாவு அரைக்கும் சாலைகளிலும் ஊர்ந்து திரியும் செந்நிறச் சிறு வண்டைக் குடியானவர் யாவரும் அறிவர். அதன் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். தமிழில் அது மாவு வண்டு எனப்படும். சாஸ்திர நூல்களிலோ இவ்வொரு பூச்சியே வெவ்வேறு பெயர்களால் வழங்கி வந்திருக்கிறது. பழைய பிரசுரத்தில் ஒரு பெயரும் புதிய பிரசுரத்தில் மற்றொரு பெயரும் காண்போர், இவை இருவேறு பூச்சிகள் என மயங்குதல் இயல்பே. ஆதலின் அப்பெயர்கள் வந்த விதத்தை அறிதல் நலம்.

1797-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பண்டிதரான ஹெர்ப்ஸ்ட் இதனைக் கொலிடியம் என்னும் இனத்தில் சேர்த்து, காஸ்டேனியம் என்று பெயரிட்டார். காஸ்டேனியம் என்பது ஒருவகைக் கொட்டையின் செம்பழுப்பு நிறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். 1825-இல் ஆங்கிலேயரான மக்லே என்பவர், ஜாவாத் தீவின் பூச்சிகளைப் பற்றிய தம் நூலில், டிரைபோலியம் என்னும் புதிய இனத்தை வகுத்தார். இவ்வண்டு அவ்வினத்தைச் சேர்ந்ததாயிற்று. இனம் மாறினும் முதலில் இட்ட இரண்டாம் பெயர் மாறாதென்பது சாஸ்திர விதி. ஆகவே டிரைபோலியம் காஸ்டேனியம் என்னும் பெயர் அமைந்தது.

எனினும் குழப்பம் தீரவில்லை. ஒரு பூச்சிக்கு முந்தி இட்ட பெயரே செல்லும் என்பது மற்றொரு விதி. ஹெர்ப்ஸ்டுக்கு முன்னரே டென்மார்க்கைச் சேர்ந்த பப்ரீசியஸ், துருநிறம் எனப் பொருள்படும் பெர்ருஜினியம் என்னும் பெயரை இதற்கு இட்டதாகக் கருதி, நூலாசிரியர் பலர் நெடுங்காலம் அதையே எழுதி வந்தனர். பின்னர் அப்பெயர் இவ்வண்டுக்கு உரியதன்று எனத் தெளிந்து, காஸ்டேனியம் என்பதே நிலைபெற்றது. எனவே பழைய நூல்களில் டிரைபோலியம் பெர்ருஜினியம் எனக் காண்பது பெரும்பாலும் நமது மாவு வண்டே.

இதனோடு உருவத்தில் ஒத்த மற்றொரு வண்டும் உண்டு. 1860-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பிரெஞ்சுப் பண்டிதர் ஜாக்லின் தூ வால் அதனைப் பிரித்தறிந்து, மயக்கம் எனப் பொருள்படும் கன்பியூசம் என்னும் பெயரை இட்டார். காஸ்டேனியத்தின் உணர்கொம்பில் கடைசி மூன்று கணுக்கள் திடீரெனத் தடித்திருக்கும். கன்பியூசத்தில் அவை படிப்படியாகத் தடிக்கும். முன்னது வெப்ப நாடுகளில் மிகுதி, பறக்கவும் வல்லது. பின்னது குளிர்ந்த நாடுகளில் மிகுதி, பறப்பதில்லை. பறக்க வல்லதாதலின், ஒரு வீட்டுத் தானியத்தில் தோன்றிய வண்டு அடுத்த வீட்டையும் எளிதில் அடையும்.

1948-இல் ஹின்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வினம் முழுவதையும் ஆராய்ந்து ஐந்து பிரிவுகளாக வகுத்தார். காஸ்டேனியம் இந்தியாவை ஒட்டிய நாடுகளிலும், கன்பியூசம் ஆப்பிரிக்காவிலும் தோன்றியவை என்பது அவர் துணிபு. இவ்வினத்து வண்டுகள் இயற்கையில் மரப்பட்டைகளின் அடியிலும், தேனீ, எறும்பு ஆகியவற்றின் கூடுகளிலும் கிடக்கும் கழிவுகளை உண்டு வாழ்வன.

இவ்வுண்மையிலேயே குடியானவர்க்குரிய பாடம் அடங்கியுள்ளது. கூன்வண்டைப் போல் முழுத் தானியத்தைத் துளைக்கும் வல்லமை மாவு வண்டுக்கு இல்லை. நொய், தவிடு, மாவு, கூன்வண்டு துளைத்து விட்ட மணி ஆகியவையே இதன் உணவு. நன்கு காய்ந்த மாவிலும் இது பெருகும். மிகுந்து விட்டால் மாவு துர்நாற்றமடைந்து நிறம் மாறும். ஆகையால் தானியத்தைப் புடைத்து, நொய்யும் தூசியும் நீக்கிச் சேமித்தல் வேண்டும். குதிர், பத்தாயம் ஆகியவற்றின் இடுக்குகளைத் துடைத்தபின் புதுத் தானியத்தை இடுக, பழையதுடன் கலத்தலாகாது. காலிச் சாக்குகளை உதறிக் கடும் வெயிலில் உலர்த்துக.

பாஸ்பின் என்னும் நச்சுவாயுவைத் தாங்கும் வண்டுகள் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் காணப்பட்டுள்ளன. அவ்வாயு மனித உயிருக்கும் ஆபத்தானது. ஆதலின் அதற்குரிய மாத்திரைகளைக் குடியிருக்கும் வீட்டில் ஒருபோதும் வைத்தலாகாது. மருந்தை நம்பித் துப்புரவைக் கைவிடுவோர் இரண்டையும் இழப்பர்.