காற்றில் கலக்கும் சுரங்கப் பாதரசம்: கண்டம் விட்டுக் கண்டம் பரவுவது எப்படி?

மைசூரு: தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தப்படும் பாதரசம் சுரங்கத்தோடு நின்றுவிடுவதில்லை. நிறமும் மணமும் அற்ற ஆவியாகக் காற்றில் ஏறும் அது, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து மண்ணிலும் நீர்நிலைகளிலும் படிகிறது.

பழைய மைசூர் சமஸ்தானத்தில் அமைந்திருந்த கோலார் தங்கவயலில், ஜான் டெய்லர் நிறுவனம் 1880-களில் பெருமளவில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக உழைத்த அச்சுரங்கங்களின் தொடக்க காலத்தில், பொடியாக்கப்பட்ட தாது பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மீது பாய்ச்சப்பட்டது. பின்னர் சயனைடு முறை வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியாவின் சிறு சுரங்கங்களில் பாதரசப் பயன்பாடு இன்றும் தொடர்கிறது.

ஆவியாவது எப்படி?

பாதரசம் தங்கத் துகள்களைப் பற்றிக்கொண்டு இரசக்கலவையாக மாறும். அதைச் சூடாக்கும்போது பாதரசம் ஆவியாகித் தங்கம் மட்டும் எஞ்சும். பாதரசத்தின் கொதிநிலை சுமார் 357 டிகிரி செல்சியஸ். எனினும் அறை வெப்பநிலையிலேயே அது மெல்ல ஆவியாகும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி, 2015-ஆம் ஆண்டில் மனிதச் செயல்பாடுகளால் சுமார் 2,220 டன் பாதரசம் காற்றில் கலந்தது. இதில் சிறு தங்கச் சுரங்கங்களின் பங்கு சுமார் 38 சதவீதம். நிலக்கரி எரிப்பின் பங்கு சுமார் 21 சதவீதம்.

பரவும் வழி

தனிம நிலையிலுள்ள பாதரச ஆவி பல மாதங்கள் காற்றில் தங்கக்கூடியது. வளிமண்டலத்தில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் நீரில் எளிதில் கரையும் தன்மை பெற்று மழையுடன் இறங்குகிறது. மரங்களின் இலைகளும் ஆவியை உறிஞ்சி, உதிரும்போது மண்ணில் சேர்க்கின்றன. பெரு நாட்டின் அமேசான் பகுதியில், சுரங்கங்களுக்கு அருகே மரம் வெட்டப்படாத காடுகளிலும் பாதரசம் மிகுதியாகப் படிந்திருப்பதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஏரி, ஆறுகளின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் இதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீன் உண்ணும் மனிதருக்கும் செல்லும்போது செறிவு பன்மடங்காகிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ஆவியாகச் சுவாசிக்கப்படும் பாதரசமோ நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கொடைக்கானல் தரும் பாடம்

சுரங்கம் இல்லாத ஊரும் இதற்கு விலக்கல்ல. கொடைக்கானலில் 1983 முதல் இயங்கிய வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்டது. அங்குள்ள பாசி, மரப்பாசிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், பாதரசம் காற்று வழியே பரவியிருந்ததைக் கண்டறிந்தனர். கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீன்களிலும்கூட அது இருந்தது.

கட்டுப்பாடு

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது. இரசக்கலவையைத் திறந்தவெளியில் எரிப்பதை ஒழிக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அந்த உடன்படிக்கை. மூடிய கலனில் சூடாக்கினால் ஆவியைக் குளிர்வித்து மீட்க முடியும். இந்திய அனல்மின் நிலையங்களுக்கு, ஒரு கனமீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம் என்ற பாதரச வரம்பு 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

பாதரசம் ஒரு தனிமம் என்பதால் அது சிதைந்து மறைவதில்லை. படிந்த இடத்திலிருந்து மீண்டும் ஆவியாகிப் பயணத்தைத் தொடரும். எனவே, புகைபோக்கியிலும் உலையிலும் தடுத்து நிறுத்துவதே பயனுள்ள வழி.