இரவில் கிடைத்த நுரையீரல் காலைவரை காத்திருக்கலாமா?

ரொறன்ரோவில் சொந்தக்காரர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்துச் சரவணைக் கிராமத்தில் அரிது. அங்கே நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சையை விடியும்வரை தள்ளிவைப்பார்கள் என்று கேள்விப்பட்டால் மனம் பதறத்தான் செய்யும்.

எடுத்த உறுப்பு பழுதாகிவிடாதா?

ஐஸில் வைத்தால் பழுதாகும். சுமார் 4 பாகை செல்சியஸில் வைத்த நுரையீரலை 6 முதல் 8 மணித்தியாலத்துக்குள் பொருத்துவதே நெடுங்கால வழக்கம். மீன்பெட்டியோடு பழகிய நமக்கு, குளிர் கூடக் கூட நல்லது என்றே தோன்றும். செத்த மீனுக்கு அது சரி. நுரையீரலோ உயிருள்ள இழையம். ஒட்சிசன் நிரப்பித்தான் அதை எடுக்கிறார்கள். அந்த ஒட்சிசனைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செலவழித்துக் கலங்கள் பிழைத்திருக்கும். 4 பாகையில், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் நலிகின்றன. 10 பாகையில் அவை தெம்பாக இருக்கின்றன.

மனிதரில் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 1983இல் உலகின் முதலாவது வெற்றிகரமான நுரையீரல் மாற்று நடந்த ரொறன்ரோ பொது வைத்தியசாலையும் வியன்னா, மாட்ரிட் நிலையங்களும் சேர்ந்து 70 பேருக்குச் செய்து, முடிவை 2023இல் வெளியிட்டன. மாலை 6 மணிக்குப் பின் எடுத்த நுரையீரல்களை 10 பாகைப் பெட்டியில் வைத்து, காலை 6 மணிக்குப் பிறகே பொருத்தினார்கள். வழமையான முறையில் பெற்றவர்களைவிட இவர்கள் பின்தங்கவில்லை.

வைத்தியர் தூங்குவதற்காக நோயாளி காத்திருப்பதா?

காத்திருப்பது நோயாளியின் நன்மைக்கே. மெல்லிய நாளங்களையும் சுவாசக் குழாயையும் மணிக்கணக்கில் நின்று தைக்க வேண்டிய வேலை இது. ஓய்வெடுத்த கையும் முழு ஆளணியும் இருக்கும் நேரத்தில் தன் பிள்ளைக்கு அது நடக்க வேண்டும் என்றுதான் எந்தத் தாயும் விரும்புவாள்.

தானம் கொடுத்தவரின் உடலும் காத்திருக்குமா?

இல்லை. உறுப்புகளை அன்றிரவே எடுத்து, உடலைத் தைத்து ஒப்படைத்துவிடுவார்கள். இறுதிக்கிரியைக்கு இதனால் தடங்கல் வராது.

நமக்கு இதனால் என்ன பயன்?

தூரம்தான் நமது இடர். 2017இல் இலங்கையின் முதலாவது இதய மாற்று நடந்த கண்டி, யாழ்ப்பாணத்திலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். 12 மணித்தியாலம் தாங்கும் நுரையீரல் என்றால் தரைவழியே கொண்டுபோகலாம், பொருத்தமான ஆளைத் தேடி அழைக்கவும் நேரம் இருக்கும். மூளைச்சாவுக்குப் பின் உறுப்பெடுக்க 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகிறது. உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் வைத்தியர் சம்மதம் கேட்பது அவர்களிடம்தான்.