நோட்டுக்கு வரி போயிற்று, விலை போகுமா?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, திங்கட்கிழமை, நவராத்திரி தொடங்கும் நாளிலிருந்து பள்ளி நோட்டுகளின் மீதுள்ள 12 சதவீத ஜி.எஸ்.டி. அறவே நீங்குகிறது என்று அந்த மாதம் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்த செய்தி வெளியானது முதல், எமக்கு வந்த கடிதங்களில் வேறு விஷயமே இல்லை என்று சொல்லிவிடலாம். பூ விளையும் ஊரான கீரமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் ஒரு தாயார், காலாண்டுப் பரீட்சை சமயத்தில் மூத்தவனுக்கு நோட்டு தீர்ந்துபோயிற்றென்றும், நாலு நாள் பொறுத்தால் விலை இறங்கும் என்று பூ மார்க்கெட்டில் எல்லோரும் பேசிக்கொள்வதாகவும், ஆனால் கடைக்காரரோ, "இப்பவே வாங்கிட்டுப் போங்கம்மா, திங்கக்கிழமையும் இதே விலைதான்" என்று சற்றும் கூசாமல் சொல்வதாகவும் தெரிவித்து, இது அநியாயம் இல்லையா என்று கேட்கிறார்.

அந்தக் கடைக்காரரை உடனே பேராசைக்காரர் என்று தீர்மானித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது, அந்த உண்மை சர்க்காரின் விளம்பரத்தில் இல்லை.

முதலில் ஒரு சிறு பிழையை நீக்கிவிடுகிறேன். 100 ரூபாய் விலை அச்சிட்ட நோட்டு 88 ரூபாய்க்கு வரும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்; அச்சிட்ட விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால், முழு வரியும் போனாலும் அது 89 ரூபாய் 29 காசுக்குத்தான் வரும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கணக்கு எளிதாயிருக்கும்பொருட்டு, கடைக்காரர் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நீள நோட்டை மொத்த வியாபாரியிடம் 40 ரூபாய் விலையும் 4 ரூபாய் 80 காசு வரியும் கொடுத்து, ஆக 44 ரூபாய் 80 காசுக்குக் கொள்முதல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அதை 50 ரூபாய் விலையும் 6 ரூபாய் வரியுமாக 56 ரூபாய்க்கு விற்கும்போது, நம்மிடம் வசூலித்த 6 ரூபாயில் தாம் முன்பே கொடுத்த 4 ரூபாய் 80 காசைக் கழித்துக்கொண்டு, மீதி 1 ரூபாய் 20 காசை மட்டும் அவர் கஜானாவுக்குக் கட்டுகிறார். இந்தக் கழிவுக்குச் சட்டத்தில் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர், கடைத்தெருவில் 'இன்புட்' என்றால் போதும். செப்டம்பர் 22-ஆம் தேதி விடிந்ததும் நோட்டு வரிவிலக்குப் பெற்ற சரக்காகிவிட்டது. விலக்குப் பெற்ற சரக்குக்கு இன்புட் கிடையாது என்பதோடு, முந்தின இரவு கடையில் அடுக்கியிருக்கும் கட்டுகளுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்ட இன்புட்டையும் திருப்பிக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்த 4 ரூபாய் 80 காசு இனி அவருடைய அடக்க விலையோடு ஒட்டிக்கொள்கிறது. வரியைத் தள்ளி 50 ரூபாய்க்கு விற்றால் 10 ரூபாயாக இருந்த அவருடைய லாபம் 5 ரூபாய் 20 காசாகச் சுருங்கும். பழைய லாபமே வேண்டுமென்றால் 54 ரூபாய் 80 காசுக்கு விற்க வேண்டும். அப்படி விற்கும் பட்சத்தில் நமக்கு மிச்சமாவது 6 ரூபாய் அன்று, 1 ரூபாய் 20 காசு. காம்போசிஷன் எனும் சுருக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கோ இன்புட் என்பது ஒருநாளும் இருந்ததில்லை. அவர்களுடைய பழைய கட்டில் வரி முழுவதும் ஏற்கெனவே விலையோடு கரைந்து கிடக்கிறது.

'பூஜ்யம்' என்ற சொல்லை உத்தியோகஸ்தர்கள் இரண்டு பொருளில் கையாளுகிறார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்குக்குக் கிடைப்பது மெய்யான பூஜ்யம்; வழிநெடுகக் கட்டிய வரியெல்லாம் ஏற்றுமதியாளருக்குத் திரும்பிவிடும். நம் பிள்ளைகளின் நோட்டுக்குக் கிடைத்திருப்பது விலக்கு. அதாவது, பில்லின் கடைசி வரியில் கண்ணுக்குத் தெரிந்த தொகை மறைந்து, விலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய் உட்கார்ந்துகொள்ளும் ஏற்பாடு.

கீரமங்கலத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் இந்த விலக்கோடு பல காலமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள். மல்லிகைக்கும் முல்லைக்கும் கனகாம்பரத்துக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது என்பது மெய்தான். ஆனால் மொக்குப்புழுவுக்கு அடிக்கும் இரசாயன மருந்துக்கு 18 சதவீதமும் உரத்துக்கு 5 சதவீதமும் கட்டிவிட்டு, விற்கிற பூவுக்கு வரியே இல்லாத காரணத்தால் கட்டியதை எவரிடமும் கழித்துக்கொள்ள வழியின்றி, விடியற்காலையில் ஏலத்தில் கிடைத்த விலையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் அந்த ஊரின் தோட்டக்காரர். அவர் நிலையில்தான் செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் நோட்டு செய்கிறவர் நிற்கிறார்.

கவுன்சில் இதை அறியாமல் இல்லை. அதனால்தான் நோட்டு செய்யப் பயன்படும் பூசப்படாத காகிதத்துக்கும் அட்டைக்கும் சேர்த்தே விலக்களித்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான காரியந்தான், எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதுவே. ஏனெனில் மற்ற உபயோகத்துக்குப் போகும் அதே காகிதத்தின் வரி 12-லிருந்து 18 சதவீதமாக ஏறியிருக்கிறது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நம் மாநில ஆலையைப் போன்ற ஓர் ஆலையிலிருந்து வெளிவரும் ரீலைப் பார்த்து, இது நோட்டாகப் போகிறது, இதற்கு வரி இல்லை, இது புத்தகமாகப் போகிறது, இதற்கு 18 என்று எந்தச் சோதிடர் சொல்வார்? வாங்குகிறவர் எழுதிக்கொடுக்கும் வாக்கு ஒன்றுதான் பிரமாணம். நோட்டின் பளபளப்பான மேலட்டை, மை, பசை, பின் கம்பி, லாரி வாடகை ஆகியவற்றுக்குக் கொடுத்த வரியோ இனி நோட்டு உற்பத்தியாளர் தலையில்தான். ஆகவே 40 ரூபாய் நோட்டின் அடக்கம் 41 ஆகுமா, 42 ஆகுமா என்பதை புதிய சரக்கின் பில்லைக் கண்ட பிறகே சொல்ல முடியும். அச்சிட்ட பாடப்புத்தகத்துக்கு எப்போதும்போல் வரியில்லை என்றாலும், அதன் காகிதத்துக்கு வரி ஏறிவிட்டதால், நோட்டில் மிச்சம் பிடித்ததைத் தனியார் பள்ளிப் புத்தகத்தில் விடவேண்டி வரலாம் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் பள்ளி திறக்கும் பருவத்தில் இரண்டு மூன்று நாள் 'வரி விடுமுறை' விடுகிறார்களே, அதைப் போன்றதுதானே இதுவும் என்று ஒரு வாசகர் கேட்கிறார். நியூயார்க் 1997-லும், டெக்ஸாஸ் 1999-லும் தொடங்கிய வழக்கம் அது; டெக்ஸாஸில் 100 டாலருக்குக் கீழ்ப்பட்ட உடுப்புக்கும் புத்தகப் பைக்கும் அந்த நாட்களில் விற்பனை வரி இல்லை. அங்கே வரி வசூலாவது பெரும்பாலும் கடைசிக் கடையில் ஒரே ஒரு முறை. ஆதலால் அதை நிறுத்தினால் நின்றுவிடும். நம் வரியோ ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவது. நம்முடைய சலுகைக்குக் கெடு இல்லை என்பது மட்டும் நமக்கு அநுகூலம்.

அப்படியானால் எங்கே பேரம் பேசுவது? 5 சதவீதத்துக்கு இறங்கிய பொருள்களில் பேசலாம். வேடிக்கையான உண்மை இது: இந்த விஷயத்தில் வாங்குகிறவருக்குப் பூஜ்யத்தைவிட ஐந்து நாணயமானது. ஜியாமெட்ரி பாக்ஸுக்கு 12 போய் 5 வந்திருக்கிறது. வரி கொஞ்சம் மிச்சமிருப்பதால் இன்புட்டும் மிச்சமிருக்கிறது, பழைய சரக்குக்குக் கொடுத்த 12-ஐயும் கடைக்காரர் தம் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆகவே முழுக் குறைப்பையும் நமக்குத் தராமல் இருக்க அவருக்கு நியாயமான சாக்கு ஒன்றுமில்லை. 1,000 ரூபாய்க்கு உட்பட்ட ஷூவுக்கும் சைக்கிளுக்கும் 12-லிருந்து 5 ஆகும் இதே கணக்குத்தான். சிவபெருமானோடு வாதாடிய நக்கீரருக்கும் தம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கீரமங்கலத்தார், ஷூக் கடையில் வாதாடத் தயங்க வேண்டாம். பழைய கட்டு இருக்கும் நோட்டுக் கடையில் மட்டும் அது தீரும்வரை சற்று இரக்கம் காட்டி, இப்போதைக்கு வேண்டிய இரண்டு மூன்றை வாங்கிக்கொண்டு, அரையாண்டுக்கு வேண்டியதைப் புதிய சரக்கு வந்தபின் வாங்குவது நலம்.

குறைப்பைத் தராமல் விழுங்குகிறவர்களைத் தண்டிக்க ஓர் அதிகார ஸ்தாபனம் 2017-இல் ஏற்பட்டது. கொள்ளை லாபத் தடைச் சட்டப்பிரிவு இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் அதன்கீழ்ப் புதிய புகார்களை வாங்குவதில்லை என்று அதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். வரியை இறக்குவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டு, பலன் மக்களைச் சென்றடைவதைக் கண்காணிப்போம் என்று சொல்வதை நம்புகிறவர்கள் நம்பட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அழைத்துப் பாருங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பென்சில், கிரேயான், வரைபடம், அட்லஸ்? 12 போய் விலக்கு. ரப்பர்? 5 போய் விலக்கு.

ஷார்ப்பனர்? அதுவும் விலக்கு, 2022 ஜூலையில் 12-ஐ 18 ஆக்கி, 2023-இல் மறுபடி 12 ஆக்கி, 2025-இல் அறவே விட்டிருக்கிறார்கள், பாவம்.

பேனா? 18, மாற்றமில்லை. புத்தகப் பை? அதுவும் 18.

யூனிபார்ம்? 1,000 ரூபாய்க்குள் இருந்தால் முன்பும் 5, இப்போதும் 5, சேமிப்பு ஒன்றுமில்லை. 1,000-க்கு மேல் 2,500 வரை 12-லிருந்து 5.

அரசுப் பள்ளியில் இலவசமாகத் தரும் நோட்டும் பையும்? நீங்கள் எதுவும் கொடுப்பதில்லை. கணக்கு சர்க்காருக்கும் சர்க்காருக்கும்.

பழைய விலை அச்சிட்ட நோட்டின்மேல் புதிய விலைச் சீட்டு ஒட்டியே ஆகவேண்டுமா? கட்டாயமில்லை என்று 2025 செப்டம்பர் 18-ஆம் தேதி சொல்லிவிட்டார்கள். சீட்டு இல்லையென்றால் பில்லைக் கேளுங்கள்.