கைபேசிக்குக் காவல்காரன் வேண்டுமா?

இப்போதெல்லாம் ஸ்மார்ட்போன் வாங்கக் கடைக்குப் போனால், கண்ணாடி ஒட்டுவது, உறை போடுவது இவற்றோடு இன்னொன்றையும் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். "மேடம், ஒரு வருஷத்துக்கு ஆன்ட்டி-வைரஸ் போட்டுடட்டுமா? பாங்க் ஆப்பெல்லாம் வெச்சிருப்பீங்களே!" என்று கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, சரியென்று பணத்தை எடுத்து நீட்டவும் மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து, யூடியூபில் ரைம்ஸ் போட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டலாம் என்றால், நடுவே ஒரு விளம்பரம் வந்து, வி.பி.என். இல்லாவிட்டால் உங்கள் ரகசியமெல்லாம் திருட்டுப் போய்விடும் என்று மிரட்டுகிறது.

தெரிந்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் எனக்குப் புரிந்ததை இங்கே சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரணக் குடும்பப் பெண்ணின் போனுக்கு இந்த இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் வி.பி.என். நம் போனிலிருந்து போகிற தகவலை மூடிய குழாய்க்குள் விடுவது போல விட்டு, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போய், அங்கிருந்து வெளியே அனுப்புகிற ஏற்பாடுதான் அது. ரயில்வே ஸ்டேஷனிலோ ஹோட்டலிலோ வைஃபை நடத்துகிறவர் நடுவில் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு காலத்தில் இதற்குத் தேவை இருந்தது வாஸ்தவம்தான். அப்போது பல வலைத்தளங்களில் நாம் தட்டுவது தபால் கார்டு மாதிரி திறந்தே போகும். இன்று பாங்க் ஆப், கூகுள் பே, வாட்ஸாப், ஜிமெயில் எல்லாமே தாமாகவே கவரில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகின்றன. ஒட்டிய கவரை இன்னொரு கவருக்குள் போடுவது தப்பில்லை. ஆனால் அதற்கு மாதா மாதம் தண்டம் அழ வேண்டுமா? அப்படியும் மனசு கேட்காவிட்டால், வெளியிடத்தில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் டேட்டாவிலேயே பணம் அனுப்புங்கள். செலவில்லாத வழி.

"இலவசமா நிறைய வி.பி.என். கிடைக்குதே, போட்டு வெச்சா என்ன?" என்று கேட்கலாம். அதுதான் பெரிய வம்பு! தெருவில் போகிறவர் பார்க்கக் கூடாதென்று வாசலை மூடிவிட்டு, முன்பின் தெரியாத ஆளைக் கூடத்தில் உட்கார வைக்கிற கதை. நம் போக்குவரத்து முழுவதும் அவர்கள் கை வழியாகத்தானே போகிறது? ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். ஆப்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 38இல் கெடுதலான நிரலின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு 18 ஆப்கள் கவரே ஒட்டவில்லை! பழைய கணக்குதான் என்றாலும், இலவசம் என்றதும் கை நீட்டாமலிருக்க இது போதும். பெரிய கம்பெனி என்றும் நம்புவதற்கில்லை. ஃபேஸ்புக் கம்பெனி ஒரு காலத்தில் 'ஒனாவோ' என்றொரு இலவச வி.பி.என்.னை, உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லியே கொடுத்தது. ஆனால் யார் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற விவரம் அதன் வழியாகக் கம்பெனியின் வியாபாரத்துக்குப் போயிற்று. இதற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதன் துணைக் கம்பெனிகள் இரண்டுக்கும் சேர்த்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆபீஸிலேயே ஒரு வி.பி.என். போட்டுக் கொடுப்பார்கள். அது வேறு, அதில் கை வைக்காதீர்கள். துபாய், அபுதாபி பக்கம் கணவர் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து கொள்வது நல்லது. அங்கே வி.பி.என். மூலம் சட்டவிரோதமான காரியம் எதையும் செய்தால் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முகம் பார்த்துப் பேசுகிற ஆசையில் யாரோ சொன்னார்கள் என்று எதையாவது போட்டு, அவரை மாட்டிவிட்டுவிடக் கூடாது.

அடுத்தது ஆன்ட்டி-வைரஸ். ஸ்மார்ட்போன் என்பது ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. ஒவ்வொரு ஆப்பும் ஒரு குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. வாட்ஸாப் அறைக்குள் பாங்க் ஆப் நுழைய முடியாது. பாங்க் அறைக்குள் விளையாட்டு ஆப் நுழைய முடியாது. நாம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற ஆன்ட்டி-வைரஸும் இதில் ஒரு குடித்தனம்தான்! ஐபோனில் அதனால் மற்ற ஆப்களை எட்டிப் பார்க்கவே முடியாது. அங்கே பாதுகாப்பு என்று விற்பதெல்லாம் மோசமான வலைத்தளத்தைத் தடுப்பது, பாஸ்வேர்டைச் சேர்த்து வைப்பது போன்ற உபரி வசதிகள். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரோடு 'பிளே புரொடக்ட்' என்ற காவல் கூடவே வருகிறது. நாம் போடுகிற ஆப்களை அது தானே சோதிக்கும். தனிக் காசு கிடையாது.

ஆன்ட்டி-வைரஸ் என்று பெயர் வைத்துக் கொண்டதெல்லாம் வைரஸைப் பிடிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் உள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2019இல் இப்படிப்பட்ட 250 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தது. கெடுதலான ஆப்களில் நூற்றுக்கு முப்பதையாவது பிடித்தவை 80 மட்டும்தான். மற்றவை பெயரளவுக்குத்தான். ஊரறிந்த அவாஸ்ட் கம்பெனியோ, தன்னிடம் வந்தவர்கள் இணையத்தில் எதையெதைப் பார்த்தார்கள் என்ற விவரத்தையே விற்றிருக்கிறது. 2024இல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் அதன்மேல் 1 கோடியே 65 லட்சம் டாலர் விதித்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி!

நல்ல கம்பெனியின் ஆன்ட்டி-வைரஸை ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம், சில போலி லிங்க்குகளை அது தடுக்கும். ஆனால் குழந்தை பார்க்கிற கார்ட்டூன் நடுவே, 'உங்கள் போனில் 13 வைரஸ்! உடனே சுத்தம் செய்யுங்கள்!' என்று சிவப்பாக மின்னுகிறதே, அது சுத்தப் பொய். ஒரு வலைப்பக்கத்தால் நம் போனைச் சோதிக்க முடியாது. எதையும் தொடாமல் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். கைக்குழந்தை தட்டிவிடும், அதுதான் பயம்.

எங்கள் எதிர்வீட்டில் ஓர் இளம்பெண், ஒன்றரை வயசுக் குழந்தைக்காரி. போன வருஷம் ஒரு மத்தியானம் அவள் வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. உங்கள் வண்டி சிக்னலைத் தாண்டியதற்கு 500 ரூபாய் அபராதம், ரசீது இதில் இருக்கிறது என்று அரசாங்க முத்திரை மாதிரி படம் வேறு. கணவர் வந்தால் சத்தம் போடுவார், அதற்குள் கட்டிவிடலாம் என்று திறந்திருக்கிறாள். திறந்தது ரசீது அல்ல, ஓர் ஆப். போன் ஒரு தடவை எச்சரித்தது. "பரவாயில்லை, போடு" என்று தட்டினாள். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தாள். அபராதம் கட்ட என்று கார்டு நம்பர் கேட்டது, அதையும் தட்டினாள். அப்புறம் என்ன? அவள் போனுக்கு வந்த ஓ.டி.பி.யெல்லாம் எங்கோ உட்கார்ந்திருந்தவன் கைக்கும் போயிற்று. பிள்ளையின் காதுகுத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் 24,000 ரூபாய், இரண்டே தடவையில் போய்விட்டது.

இதில் என் மனசை உறுத்துவது எது தெரியுமா? அந்தப் போனில் ஆன்ட்டி-வைரஸ் இருந்தது. அவள் கணவர் காசு கொடுத்துப் போட்டது. "அதான் போட்டிருக்கோமே அக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்று அழுதாள். ஒண்டுக்குடித்தனத்தில் அவரவர் பூட்டு எவ்வளவு பலமாக இருந்தால்தான் என்ன, வீட்டுக்காரியே சாவியை எடுத்துக் கொடுத்த பிறகு?

நல்ல வேளையாக அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. பத்து நிமிஷத்துக்குள் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்தாள். சைபர் மோசடியில் பணம் போனால் கூப்பிட வேண்டிய நம்பர் இது, இந்தியா முழுவதற்கும். பணம் அடுத்த கைக்கு மாறுவதற்குள் சொன்னால் நடுவழியில் பாங்கில் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். இவளுக்கு 9,000 ரூபாய் நிறுத்தப்பட்டிருக்கிறது. அது கைக்கு வரக் காத்திருக்கிறாள். மீதி போனது போனதுதான்.

ஆகவே வாட்ஸாப்பில் வருவது கல்யாணப் பத்திரிகையோ, அபராத ரசீதோ, பாங்க் கே.ஒய்.சி.யோ, பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்ற மூன்று எழுத்து இருந்தால் தொடவே தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாக வரும், ஆப்பாக வராது. சொந்தக்காரர் நம்பரிலிருந்து வந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் போனும் இதே வலையில் சிக்கி, அவருக்கே தெரியாமல் அனுப்பிக் கொண்டிருக்கலாம். டார்ச் லைட் ஆப் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டால், எதற்கு என்று யோசியுங்கள். 'அக்சஸிபிலிட்டி' என்றொரு அனுமதி இருக்கிறது. பார்வை குறைந்தவர்கள் போன்றோருக்காக ஏற்பட்டது. ஆனால் திரையில் உள்ளதைப் படிக்கவும், நமக்குப் பதில் தட்டவும் அதனால் முடியும். எல்லா அறைக்குமான சாவி! தெரியாத ஆப்புக்கு அதைத் தரவே கூடாது. பணம் நமக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையில்லை என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம். கணவரோ மகனோ புதுப் போன் வாங்கியதும், பழையது யாருக்கு வருகிறது? நமக்குத்தான்! "அம்மாவுக்கு இது போதும்" என்பார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் போன் கம்பெனிகள் தங்கள் போனில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைத்து அப்டேட் அனுப்புவது சில வருஷங்களுக்குத்தான். கூகுள் 2023இல் பிக்ஸல் 8க்கும், சாம்ஸங் 2024இல் கேலக்ஸி எஸ் 24க்கும் ஏழு வருஷம் தருவதாக அறிவித்தன. அவை விலை கூடியவை. விலை குறைந்த போன்களில் இது சீக்கிரமே நின்றுவிடும். அதற்கப்புறம் எந்த ஆன்ட்டி-வைரஸ் போட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

ஆண்ட்ராய்டு போனானால், செட்டிங்ஸில் போன் விவரம் பக்கத்தில் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று தேதி போட்டிருக்கும். அப்டேட் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுச் செய்துவிடுங்கள். ஒன்றும் வராமல், தேதியும் வருஷக் கணக்கில் பழையதாக இருந்தால், பாங்க் ஆப்பையும் கூகுள் பேயையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டுக் கேட்க, சீரியல் பார்க்க அது இருக்கட்டும். பால் கணக்கிலிருந்து ஸ்கூல் பீஸ் வரை நாம்தானே கட்டுகிறோம்? ஆன்ட்டி-வைரஸுக்கு வருஷா வருஷம் கொடுக்க இருந்ததைச் சேர்த்து வைத்து, அடுத்த புதுப் போனை நம் கைக்கே கேளுங்கள். எங்கள் வீட்டில் நான் கேட்டபோது, "உனக்கு எதுக்கும்மா புதுசு?" என்றான் பையன். தேதியைக் காட்டினேன். மறுபேச்சுப் பேசவில்லை.