துளி விழும் உயரம்

முட்டைக்கோஸ் நன்றாகத் திரண்டு தலை கட்ட ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி வேண்டும். கிள்ளான் பக்கத்துச் சமவெளியில் 32 டிகிரி வெயிலில் பழைய ரகங்களை நட்டால் இலை விரியும், தலை கட்டாது. உயரே போகப்போக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறைகிறது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் ஊர்கள் 1,100 மீட்டருக்கும் 1,600 மீட்டருக்கும் இடையில் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் அங்கே கோஸும் தக்காளியும் விளைவதற்குக் காரணம் இவ்வளவுதான். தீபகற்ப மலேசியாவில் விளையும் மலைக் காய்கறியில் பெரும்பங்கு இந்த ஒரே மலையிலிருந்து லாரியேறுகிறது. 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சந்தையும் போக்குவரத்தும் தடுமாறியபோது விவசாயிகள் பறித்த காய்களைக் கொட்டிய படங்களைப் பார்த்துத்தான் நகரத்தில் பலருக்கு இது உறைத்தது.

அதே மலையில்தான் தேயிலையும் இருக்கிறது. ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ நிறுவனமும், 1933-இல் வந்த பாரத் நிறுவனமும் இன்றுவரை நடக்கின்றன. காட்டை வெட்டிச் சரிவில் நிரை பிடித்து நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள்.

உணவுப் பாதுகாப்புக் கணக்கில் தேயிலைக்கு மதிப்பில்லை. அது வயிற்றை நிரப்பாது. "இவ்வளவு நல்ல மலையைத் தேநீருக்கா விடுவது, காய்கறி போடலாமே" என்று ஒருவர் கேட்டால் நியாயமான கேள்வி போலத்தான் படும். அதற்குப் பதில் மழைத்துளியில் இருக்கிறது.

பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். மணல், களி எல்லாம் கட்டியாகச் சேர்ந்திருக்கும் மண்ணை அந்த மோதல் உடைத்துத் தெறிக்கவிடுகிறது. உடைந்த பொடியை ஓடுகிற நீர் இழுத்துக்கொண்டு போகிறது. சரிவில் மண் அரிப்பு பெரும்பாலும் இப்படித் துளியில்தான் தொடங்குகிறது.

துளியை ஓர் இலை தடுத்தால் போதாதா? போதாது. இலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். உயரமான மரத்து இலைகளில் சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து பெருத்து, பத்து மீட்டர் கீழே விழுவதற்குள் இழந்த வேகத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடும். காட்டு மண் பிழைப்பது மேலேயுள்ள கிளைகளால் மட்டுமல்ல. அடியில் கிடக்கும் சருகும் செடிகொடியும் இரண்டாவது முறை தடுப்பதால். சருகைக் கூட்டி அள்ளிவிட்டால் மரநிழலிலும் மண் கரையும்.

தேயிலையை விட்டுவைத்தால் அதுவும் மரமாகத்தான் வளரும். நாம்தான் அதைக் கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறோம். கொழுந்து எடுக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனால் அதனால் மண்ணுக்கும் லாபம். நெருக்கமாக மூடிய பச்சைத் தளத்திலிருந்து சொட்டும் துளி ஒரு மீட்டருக்கும் குறைவாகவே விழுகிறது. அதற்குள் முழு வேகத்தில் பாதியைக்கூட அது எட்டாது. வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் கால் பங்காகும். வெட்டிய கிளைகளை நிரைக்கு நடுவே போட்டுவிட்டால் அதுவே சருகு மெத்தை. ஒருமுறை நட்ட தூர் பல பத்தாண்டுகள் வேரோடு நிற்கும், வருடந்தோறும் மண்ணைக் கொத்த வேண்டியதில்லை. தேயிலை காடாகிவிடாது, தூர் இளசாக இருக்கும் முதல் சில வருடங்களில் அதுவும் ஏராளமாக மண்ணை விடும். மண்ணிழப்பில் காடு குறைவு, வளர்ந்த தேயிலை நடுவில், திறந்தவெளிக் காய்கறி அதிகம்.

காய்கறிப் பாத்தியை அறுவடைக்கு அறுவடை கொத்துகிறார்கள். கோஸ் அறுத்த மறுநாள் தரை வெறுமை. வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், அக்டோபர்–நவம்பரில் அப்படி ஒரு சரிவு வெறுமையாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை ரிங்லெட் ஏரியில் பார்க்கலாம். 1963-இல் முடிந்த சுல்தான் அபூபக்கர் அணையின் நீர்த்தேக்கம் அது. அங்கிருந்து சுரங்கத்தில் இறங்கும் நீர் பேராக் பக்கம் மின்சாரமாகிறது. வண்டல் சேரவும் இடம் ஒதுக்கி, சுமார் 80 வருடம் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். கணக்கு வெகு சீக்கிரமே பொய்த்தது. இன்று மின்வாரியம் வண்டலைத் தோண்டித் தோண்டி அப்புறப்படுத்துகிறது. வண்டல் நிறைந்த தேக்கம் ஒரே மழையில் விளிம்பைத் தொடும். 2013 அக்டோபர் 23 நள்ளிரவு அப்படி நீர் ஏறியபோது அணையைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளோடு உயிர்களும் போயின.

விவசாயிகளைக் குற்றம் சொல்வது எளிது. காட்டை அனுமதியின்றி வெட்டியவர்களும் உண்டுதான். ஆனால் பல காய்கறித் தோட்டங்கள் நெடுங்காலம் தற்காலிக உரிமத்தில் நடந்தவை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு முடிவுக்கு மேல் போகாது. பிறகு புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் தன்னுடையதா என்று தெரியாத நிலத்தில், இருபது வருடம் நிற்கும் கல் வரப்பை எவர் கட்டுவார்? விளைச்சலைக் கூட்டச் சொல்வது கூட்டரசு அமைச்சகம், நிலம் மாநிலத்தினுடையது, வண்டல் வந்து சேர்வதோ மின்வாரியத்தின் ஏரியில். மூவரும் தனித்தனிப் பேரேடு வைத்திருக்கிறார்கள்.

இப்போது மலையெங்கும் தெரியும் பிளாஸ்டிக் கூரைகள் பாதி விடை. கூரைக்கு அடியில் துளி விழுவதில்லை. மண் அசையாது, பூஞ்சை நோயும் குறையும். ஆனால் மண் உறிஞ்ச வேண்டிய மழை முழுவதும் கூரையில் வழிந்து நிமிடக் கணக்கில் ஓடையில் இறங்கி, ஓடைக்கரையை அறுக்கிறது. அந்த நீரைத் தொட்டியில் பிடித்து அதையே பாத்திக்கு விடலாம். ஒரு ஹெக்டேர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர் நீர். தொட்டிக்குச் செலவாகும், இடமும் போகும். அதைக் கட்டுகிறவருக்கு முதலில் இருபது வருடக் குத்தகைக் காகிதம் கையில் வேண்டும்.