கிளட்சை மிதித்தால் வரும் சத்தம்

நம்மில் பலர் ‘3ஏ’ உரிமம் எடுத்துக் கிளட்ச் இல்லாத காரையே ஓட்டுகிறோம். ஆனால் தேக்கா சந்தைக்குச் சரக்கு கொண்டுவரும் பழைய வேன், லாரி ஓட்டுநர்களுக்குக் கிளட்ச்தான் பிழைப்பு. சிராங்கூன் சாலை நெரிசலில் மிதியிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டினால் முதலில் தேய்வது ரிலீஸ் பேரிங்.

சோதிப்பது எளிது. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு மிதியுங்கள். அப்போதும் கிறீச்சிட்டால் கோளாறு மிதியின் மூட்டில். கொஞ்சம் கிரீஸ் போதும். பிறகு கைபிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். (நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், சோதனைக்கு ஒரு நிமிடமே ஆகும்.) மெதுவாக மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் எழுந்து, காலை எடுத்ததும் அடங்கினால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான். மாறாக, காலை எடுத்தால் சத்தம் வந்து, மிதித்தால் நின்றால் சந்தேகம் கியர்பெட்டிக்குள் உள்ள பேரிங்மீது. பட்டறைக்காரரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பேரிங்கைவிட, கியர்பெட்டியை இறக்கும் கூலிதான் அதிகம். ஆகவே இறக்கும்போதே கிளட்ச் தட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கிளட்ச் பிரியாது, கியர் விழாது. சரக்கு நடுச்சாலையில் நிற்கும், அன்றைய வருமானமும் போகும்.