விமானப் பயணப் புள்ளிகள்: சேர்ப்பதும் காப்பதும்

வைப்பு நிதியைப் புதுப்பிப்பதற்காக ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் தம் துணைவியாருடன் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். தில்லியில் உள்ள மகள் வீட்டுக்கு ஆண்டுக்கு இரு முறை விமானத்தில் சென்று வருபவர்கள் அவர்கள். ஐந்து ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் விமானத்தில்தான் பயணம். அதன் பயணப் புள்ளித் திட்டத்தில் இருவரும் உறுப்பினர்கள். இம்முறை ஒரு பயணச்சீட்டையாவது புள்ளிகளைக் கொண்டு எடுக்கலாம் என்று கணக்கைத் திறந்து பார்த்தால், அதில் ஒன்றுமே இல்லை. இணையத்தில் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த மருமகன், உறுப்பினர் எண் கேட்கும் கட்டத்தை ஒவ்வொரு முறையும் காலியாகவே விட்டிருக்கிறார். கடைசிப் பயணத்தின் போர்டிங் பாஸ் மட்டும் கைவசம் இருந்ததால், அதற்குரிய புள்ளிகளை மட்டுமே கேட்டுப் பெற முடிந்தது.

இத்தகைய இழப்பு பலருக்கும் நேர்கிறது. சிறிது கவனம் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன?

அடிக்கடி பறப்போருக்கு வெகுமதி அளிக்கும் இன்றைய திட்டங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது, 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம். பறந்த தூரத்தை மைல் கணக்கில் வரவு வைத்ததால் ‘மைல்கள்’ என்ற பெயர் நிலைத்தது. இப்போது பல நிறுவனங்கள் தூரத்தை விட்டு, செலவிட்ட தொகையைக் கணக்கிடுகின்றன. ஏர் இந்தியாவும் 2024ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாறியது. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் பொதுவாக இக்கணக்கில் சேர்வதில்லை. மிகக் குறைந்த சலுகைக் கட்டணங்களுக்குப் புள்ளிகள் குறைவாகவே கிடைக்கலாம். சிலவற்றுக்குக் கிடைக்காமலும் போகலாம்.

உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் உறுப்பினராக உள்நுழைந்து பயணச்சீட்டு எடுத்தால் எண் தானாகவே பதிவாகிவிடும். பயண முகவர் தளங்களில் எடுக்கும்போது நாமே அதை நிரப்ப வேண்டும். மறந்துவிட்டால், விமானம் ஏறுவதற்கு முன் செக்-இன் செய்யும்போதும் சேர்த்துக்கொள்ளலாம். பயணம் முடிந்த பிறகு கோருவதற்குக் காலக்கெடு உண்டு. ஆகவே புள்ளிகள் வரவாகும் வரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பெயர். உறுப்பினர் கணக்கில் முன்னெழுத்து மட்டும் இருக்க, பயணச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாக இருந்தால், இரண்டும் வெவ்வேறு ஆட்களாகக் கொள்ளப்பட்டுப் புள்ளிகள் வரவாகாமல் போகலாம். கடவுச்சீட்டில் உள்ளபடியே இரண்டு இடத்திலும் பெயரைப் பதிவு செய்வது சிறந்தது.

அயல்நாட்டுப் பயணத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலயன்ஸ் கூட்டமைப்பில் இணைந்தது. அதில் உள்ள சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா போன்றவற்றில் பறந்தாலும், கட்டண வகை தகுதியுடையதாக இருந்தால், ஏர் இந்தியாவின் கணக்கிலேயே புள்ளிகளைச் சேர்க்கலாம். ஒரு பயணத்துக்கு ஒரு திட்டத்தில் மட்டுமே வரவு வைக்க முடியும் என்பதால், ஒன்றைத் தேர்ந்து அதிலேயே தொடர்வது பயன் தரும்.

அலுவலகப் பணிக்காகப் பறக்கும் அரசு ஊழியர்களுக்கு ஒரு சொல்: அத்தகைய பயணங்களில் சேரும் புள்ளிகளை அலுவலகப் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என மத்திய அரசு அறிவுறுத்தியுள்ளது.

புள்ளிக்காகச் செலவு செய்யலாமா?

ஒரு நிறுவனத்தில் 5,800 ரூபாய், புள்ளி தரும் மற்றொன்றில் 6,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் புள்ளிகளின் மதிப்பு 150 ரூபாய் என்றால், 400 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் 250 ரூபாய் நட்டமே. கடன் அட்டையில் கிடைக்கும் புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். நிலுவைத் தொகையை உரிய நாளில் முழுமையாகச் செலுத்துபவருக்கே அவை ஆதாயம். தவணை தவறினால் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேலும் ஏறக்கூடிய வட்டி, புள்ளிகளின் மதிப்பை ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

புள்ளி என்பது வைப்புத் தொகை அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வங்கி வைப்புக்கு வட்டி உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. புள்ளிகளுக்கு இரண்டும் இல்லை. காலாவதி மட்டும் உண்டு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றபோது, அதன் புள்ளிகளைக் கொண்டு அவற்றில் பறக்க வழியில்லாமல் போயிற்று. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பெயர் மாறித் தொடர்ந்தது. ஆனால் புள்ளி சேர்த்தவர்கள் பறக்க எண்ணியிருந்த விமானங்கள் இல்லை. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. முடிவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம். எனவே, தேவையான அளவு சேர்ந்ததும் பயன்படுத்திவிடுவதே விவேகம். புள்ளிகளைக் கொண்டு எடுக்கும் பயணச்சீட்டுக்கும் வரிகளைப் பணமாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்க.

பாதுகாப்பு

‘உங்கள் புள்ளிகள் இன்று இரவு காலாவதியாகின்றன’ என்ற குறுஞ்செய்தியும் அதனுடன் ஓர் இணைப்பும் வந்தால், அதைத் தொட வேண்டாம். நிறுவனத்தின் செயலியையோ இணையதளத்தையோ நாமே திறந்து சரிபார்க்க வேண்டும். புள்ளிகளைப் பெற அட்டை எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்பவர் மோசடிக்காரரே. ஓ.டி.பி.யை நாமே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு நம்மையே சாரும் என்றது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். போர்டிங் பாஸின் படத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடுவதும் ஆபத்தே. அதில் உள்ள பெயரும் பி.என்.ஆர். எண்ணும் பிறர் நம் முன்பதிவைத் திறந்து பார்க்கப் போதுமானவை.

ஆசிரியர் இப்போது தம் உறுப்பினர் எண்ணையும் துணைவியாரின் எண்ணையும் மருமகனுக்கு எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த பயணச்சீட்டின் நகல் வந்ததும், விமான நேரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாராம். வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் நாங்கள் பரிந்துரைப்பதும் அந்தப் பழக்கத்தையே.